வெறுங் கான் என்று ஒன்றில்லை



ஊரைவிட்டு வெளிக்கிடும் ஒரு குடும்பம் எவற்றைக் கையில் எடுக்கிறது? காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டொரு உடுப்பு. அவற்றோடு ஒரு தண்ணீர்க் கான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், 2009 இல் வன்னி மக்கள் இடம்விட்டு இடம் நகர்ந்தபோதும் மண்பானையும் அண்டாவும் வீட்டிலேயே நின்றுவிட்டன. பிளாஸ்ரிக் கானும் வாளியும் கூடவே வந்தன. அவை பாரமற்றவை, விழுந்தால் உடையாதவை, சைக்கிளில் கட்டக்கூடியவை. ஆகவே இடம்பெயர்ந்த விவசாயிக்குப் பிளாஸ்ரிக் பாத்திரம் மலிவுப் பொருளாயினும் அற்பப் பொருளன்று.

ஆனால் முகாமிலோ புதுக் குடியிருப்பிலோ நமக்குக் கிடைக்கும் கான்கள் பல வழிகளால் வருகின்றன. ஒன்று நிவாரணமாகக் கிடைத்தது. இன்னொன்று சந்தையில் பழையதாக வாங்கியது. மற்றொன்று யாரோ விட்டுப்போன கொட்டிலில் கிடந்தது. கழுவி வெயிலில் காயவைத்த பின் மூன்றும் ஒரே மாதிரியாகவே தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: ஒரு கானைக் கையில் எடுக்கும் போது அது என்ன இனம் என்பதையும், முன்பு அதில் என்ன இருந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஆய்வுகூடத்தில் பிறந்த பொருள்

நமது தண்ணீர்க் கான் பெரும்பாலும் பொலித்தீன் என்னும் பொருளால் ஆனது. 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஐ.சி.ஐ. கம்பனியின் ஆய்வுகூடத்தில் கிப்சன், போசெற் என்னும் இரு இரசாயனவியலாளர்கள் வேறொன்றைத் தேடி எதிலீன் வாயுவை மிகுந்த அழுக்கத்தில் சூடாக்கினர். கருவியைத் திறந்தபோது மெழுகு போன்றதொரு வெள்ளைப் பொருள் உள்ளே இருந்தது. அதுவே பொலித்தீன். 1953 இல் ஜேர்மனியின் கார்ல் சீக்ளர், அதிக அழுக்கம் இல்லாமலே கடினமான பொலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நாற்றா பொலிப்புரொப்பிலீனைச் செய்தார். இவ்விருவருக்கும் 1963 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கண்ணாடிப் போத்தல் உடைந்து அமிலம் சிந்தும் தொல்லையை அனுபவித்த ஆய்வுகூடங்கள் இப்புதிய பொருட்களை விரைவில் ஏற்றுக்கொண்டன. 1949 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் இமானுவேல் கோல்ட்பேர்க் என்பவர் ஆய்வுகூடங்களுக்கான பிளாஸ்ரிக் பாத்திரங்களைச் செய்யத் தொடங்கினார். நல்ஜீன் என்னும் பெயரில் வந்த அப்போத்தல்களையே 1970 களில் காடு மலை ஏறுவோர் தண்ணீர்ப் போத்தலாகத் தோளில் மாட்டத் தொடங்கினர். ஆய்வுகூடப் போத்தலும் வீட்டுப் போத்தலும் உடன்பிறப்புகள் என்பது இதனால் விளங்கும்.

வேறுபாடு பாவனையில்தான் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலுக்கு ஒரு வேலை. அதன்மேல் பெயரும் திகதியும் எழுதியிருக்கும். அமிலம் இருந்த போத்தலில் எவரும் குடிநீர் நிரப்புவதில்லை. நம் வீடுகளில் அந்த ஒழுங்கு இல்லை. சோடாப் போத்தலில் இன்று மண்ணெண்ணெய், நாளை தேங்காயெண்ணெய், மறுநாள் தண்ணீர்.

இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

பிளாஸ்ரிக் பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பலவற்றில் முக்கோணம் ஒன்றும் அதனுள் 1 முதல் 7 வரையான ஓர் இலக்கமும் இருக்கும். 1988 இல் அமெரிக்கப் பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் சங்கம் இம்முறையைத் தொடக்கியது. கழிவுப் பிளாஸ்ரிக்கை இனம் பிரிப்பதற்காகவே இது வந்தது.

இலக்கம் 1: சோடா, தண்ணீர் விற்கும் கண்ணாடி போன்ற தெளிவான போத்தல். சூடு தாங்காது. வயலுக்குக் கொண்டு போகக் கொதிக்கும் தேநீரை இதில் ஊற்றினால் போத்தல் சுருங்கி உருக்குலையும். சூடு கூடக்கூடப் போத்தலில் உள்ள பொருட்கள் பானத்தில் இறங்குவதும் கூடும்.

இலக்கம் 2: கடினப் பொலித்தீன். தண்ணீர்க் கான், ஆய்வுகூட இரசாயனப் போத்தல், விவசாய மருந்துக் கான் ஆகியன பெரும்பாலும் இந்த இனமே.

இலக்கம் 3: பி.வி.சி. குழாய்களில் அதிகம் காணலாம். எரித்தால் நச்சுப் புகை தரும்.

இலக்கம் 4: மென்மையான பொலித்தீன். பைகள், அழுத்திப் பீச்சும் போத்தல்கள்.

இலக்கம் 5: பொலிப்புரொப்பிலீன். சோற்றுப் பெட்டி, உரப்பை, ஆய்வுகூடக் குழாய்கள். ஆய்வுகூடங்களில் கிருமி அழிப்பதற்குப் பயன்படுத்தும் 121 பாகை நீராவியையும் இது தாங்கும். சூடான உணவுக்கு இதுவே நல்லது.

இலக்கம் 6: பொலிஸ்ரைரீன். யோகட் கப், றெஜிபோம், ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டு. இலகுவில் வெடிக்கும். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது.

இலக்கம் 7: மற்றெல்லாம். கடைகளில் வைக்கும் பெரிய குடிநீர்ப் போத்தல்களிற் பல இவ்வகையின. இவற்றுள் பொலிகாபனேற் என்னும் பொருளில் இருந்து பிஸ்பினோல் ஏ என்னும் இரசாயனம் இறங்கலாம் என்பதால், 2011 இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2012 இல் அமெரிக்காவும் குழந்தைகளின் பால் போத்தலில் அதன் பாவனையை நிறுத்தின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலக்கம் பாத்திரத்தின் இனத்தை மட்டுமே சொல்கிறது. அதில் முன்பு என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. தண்ணீர்க் கானுக்கும் களைநாசினிக் கானுக்கும் அடியில் இருப்பது அதே 2 தான். “இரண்டாம் இலக்கம், ஆகவே பயமில்லை” என்று எடுத்துவிடக் கூடாது.

மருந்துக் கான் கழுவினாலும் மருந்துக் கானே

பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினால் பழைய அழுக்குப் போய்விடும். பிளாஸ்ரிக் அப்படியன்று. பூச்சிமருந்துகள் பலவும் எண்ணெய் போன்ற கரைப்பான்களில் கரைக்கப்பட்டிருக்கும். அவை பிளாஸ்ரிக் சுவருக்குள் மெல்ல ஊறிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மேற்பரப்புத்தான் சுத்தமாகும். சுவருக்குள் ஊறியது பின்பு ஊற்றும் தண்ணீரில் சிறிது சிறிதாக இறங்கும். மணம் இல்லை என்பதற்காக நஞ்சு இல்லை என்று நினைக்கவேண்டாம்.

பரகுவாட் என்னும் களைநாசினி ஒரு மிடறே உயிரைக் குடிக்க வல்லது. எமது நாட்டில் அது 2008 தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011 இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னரே, 1995 இல் மொனோகுறொற்றோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியனவும், 1998 இல் என்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. கடையில் இவை இல்லை. ஆயினும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கோ தோட்டத்துக்கோ திரும்பிச் செல்வோர், கொட்டிலின் மூலையிலும் கிணற்றடியிலும் பழைய கான்களைக் காணலாம். லேபல் உக்கிப் போயிருக்கும். அப்படியான கானைத் திறந்து மணந்து பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகளை அருகில் விடவும் வேண்டாம்.

2021 மார்ச் 31 முதல், விவசாய இரசாயனங்களை இலக்கம் 1, இலக்கம் 3 ஆகிய பிளாஸ்ரிக்கில் அடைப்பது இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் கடைவாசலோடு நின்றுவிடுகிறது. அயலவரிடம் அரைப் போத்தல் மருந்து கடன் வாங்கி, அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் சட்டத்தால் என்ன செய்ய முடியும்? தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். ஒரு வாய் மண்ணெண்ணெய் குடலைவிட நுரையீரலுக்கே அதிக கேடு செய்யும்.

அப்படி ஏதும் நடந்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புக் கரைசல், பால், புளி எதுவும் பருக்காதீர்கள். மருந்து பட்ட உடுப்பைக் களைந்து, உடம்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மிக முக்கியமாக, அந்தக் கானையோ போத்தலையோ லேபலுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியர் உடனே வேலையைத் தொடங்கலாம்.

மருந்து முடிந்த கானை என்ன செய்வது? உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்லும் முறை இது:

1. மருந்து முடிந்தவுடன் கானின் காற்பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.
2. அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் மெசினுக்குள்ளேயே ஊற்றுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம்.
3. இவ்வாறு மூன்று முறை செய்யுங்கள்.
4. பின்பு கானின் அடியில் துளையிடுங்கள். துளையிட்ட கானை எவரும் தண்ணீருக்கு எடுக்கமாட்டார்கள்.

மூன்று முறை கழுவுவது சூழலைக் காப்பதற்கே. அதனால் அக்கான் குடிநீருக்கோ உணவுக்கோ விதைக்கோ உரியதாகிவிடாது. துளையிட்ட கான்களைத் தனியாகச் சேர்த்து வைத்து, எங்கே ஒப்படைப்பது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

மூக்குப்பேணியின் பாடம்

1993 இல் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், மொசாம்பிக் போரால் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த நியாமித்துத்து முகாமில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அங்கே கிணற்று நீர் ஏறக்குறையச் சுத்தமாகவே இருந்தது. ஆயினும் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் குறையவில்லை. காரணம் வாளிதான். அகன்ற வாய் கொண்ட வாளியில் ஒவ்வொரு முறையும் கோப்பையோடு கையும் உள்ளே போனது. தண்ணீர் எடுத்துச் சிறிது நேரத்திலேயே கையிலுள்ள கிருமி தண்ணீரில் சேர்ந்துவிட்டது. சில குடும்பங்களுக்கு மட்டும் மூடியும் ஊற்றும் மூக்கும் கொண்ட 20 லீற்றர் வாளிகள் கொடுக்கப்பட்டன. அவ்வீடுகளின் நீரில் மலக்கிருமிகள் 69 வீதம் குறைவாக இருந்தன. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டம் 31 வீதம் குறைந்தது. மருந்து ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பாத்திரத்தின் வாய்தான் மாறியது.

நமக்கு இது புதிதன்று. வாய் படாமல் அண்ணாந்து குடிக்க நம் முன்னோர் மூக்குப்பேணி செய்து வைத்தார்கள். அதே அறிவை இன்று பிளாஸ்ரிக் கானுக்கும் பயன்படுத்தலாம். குடிநீருக்கு ஒடுங்கிய வாயும் இறுகிய மூடியும் உள்ள கானை வைத்துக்கொள்ளுங்கள். வாளிதான் உள்ளதென்றால் மூடியிட்டு, அடியில் ஒரு பைப் பூட்டுங்கள். தண்ணீர் அள்ளிவரும் கான் வேறு, வீட்டில் சேமிக்கும் கான் வேறாக இருக்கட்டும். 20 லீற்றர் தண்ணீரின் பாரம் 20 கிலோ. பிள்ளைகளை அனுப்புவதாயின் 5 அல்லது 10 லீற்றர்க் கானைக் கொடுங்கள்.

விறகு இல்லாத இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. தெளிவான இலக்கம் 1 போத்தலில், 2 லீற்றருக்கு மேற்படாமல், கலங்கலற்ற நீரை நிரப்பி மூடி, முழு வெயிலில் 6 மணித்தியாலம் கிடத்தி வையுங்கள். மந்தாரமாயின் இரண்டு நாள் வேண்டும். சூரிய ஒளியின் ஊதாக் கடந்த கதிர்கள் வயிற்றோட்டக் கிருமிகளைக் கொல்லும். 1980 களில் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அப்திம் அக்ரா என்பவர் ஆராய்ந்து காட்டிய முறை இது. ஆனால் நைத்திரேற்று, உப்பு, எண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றை வெயில் நீக்காது.

கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது

திரும்பிச் செல்லும் குடும்பத்தின் முதற் கேள்வி, “கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?” என்பதே. கண்ணால் பார்த்தோ வாயில் வைத்தோ இதற்கு விடை சொல்ல முடியாது. உரம் அதிகம் போடப்பட்ட தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதை அதன் எல்லையாக வைத்துள்ளது. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே பரிசோதனை வேண்டும். ஆனால் தவறான போத்தலில் கொண்டு போன நீர் பொய்ச் சாட்சி சொல்லும். கிருமிப் பரிசோதனைக்கு, ஆய்வுகூடமே தரும் கிருமி அழித்த போத்தல்தான் வேண்டும். அதைக் கழுவக்கூடாது, அதற்குள் சிறிது இரசாயனம் இட்டிருப்பார்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் கூடியவரை 6 மணித்தியாலத்துக்குள் கொண்டு செல்லுங்கள். நைத்திரேற்று, உப்பு போன்றவற்றுக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தல் போதும். ஆனால் அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசிய பின்பே நிரப்ப வேண்டும். எண்ணெய்ப் பரிசோதனைக்குப் பிளாஸ்ரிக் ஆகாது, கண்ணாடிப் போத்தலே வேண்டும். பிளாஸ்ரிக் எண்ணெயைத் தன்னில் ஒட்டவைத்துக்கொள்ளும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரிதாக எழுந்ததை வாசகர்கள் அறிவீர்கள். ஒவ்வொரு போத்தலிலும் கிணற்றின் இடம், திகதி, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். எந்தப் பரிசோதனைக்கு எந்தப் போத்தல் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னரே கேட்டறிவது நல்லது.

சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இவ்விதியே. பாணி மருந்து இருந்த போத்தலில் சிறுநீரைக் கொண்டு சென்றால், இல்லாத சீனி இருப்பதாகக் காட்டலாம். வைத்தியசாலை தரும் கப்பையே பாவியுங்கள். அங்கே ஒருமுறை பாவித்த கப்பையும் குழாயையும் எதற்காகவும் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம்.

விதைக்கும் ஒரு கான்

பயறு, கௌபி, உழுந்து, விதைநெல் ஆகியவற்றை இறுக மூடிய கானில் வைத்தால் எலியும் ஈரமும் அண்டாது. உள்ளிருக்கும் வண்டும் காற்றின்றிச் சாகும். ஆனால் ஈர விதையை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்து முளைதிறன் போய்விடும். இதை அறிய இலகுவான வழி உண்டு. காய்ந்த கண்ணாடிப் போத்தலொன்றில் கொஞ்சம் விதையும் ஒரு மேசைக்கரண்டி நன்றாக உலர்ந்த உப்பும் இட்டு மூடிக் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். உப்புப் போத்தற் சுவரில் ஒட்டினால் விதையில் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் விதைக்கு இன்னும் இரண்டு நாள் வெயில் நல்லது. மூடிய கானில் வைக்கும் விதையில் ஈரம் 12 வீதத்துக்கு மேற்படக்கூடாது. விதை ஆறிய பின்பே கானை நிரப்புங்கள். கானை வாய்வரை நிரப்புங்கள். இடைவெளி இருந்தால் காற்றும் இருக்கும். மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலும் அடுத்த போகம் உங்கள் கையிலேயே இருக்கும்.

பழுதான பின்

வெயிலில் கிடக்கும் பிளாஸ்ரிக் நாளடைவில் வெளிறி வெடிக்கும். வெடித்த கானும் யோகட் கப்பும் முற்றத்தில் கிடந்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2017 இல் எமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். 400 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரச் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரங்களை வாரம் ஒருமுறை வெறுமையாக்கி, உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிளாஸ்ரிக்கை அடுப்பில் எரிப்பதையும், தீ மூட்ட உபயோகிப்பதையும் கைவிடுங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் தாயும் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான்.

இவ்வளவையும் வாசித்த பின் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. அடுத்த ஞாயிறு வீட்டிலுள்ள கான், வாளி, போத்தல் எல்லாவற்றையும் முற்றத்தில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் முன்பு என்ன இருந்தது என்று வீட்டார் எல்லோரையும் கேளுங்கள். விடை தெரியாத கானைக் குடிநீருக்கும் உணவுக்கும் விதைக்கும் எடுக்காதீர்கள். மருந்துக் கானின் அடியில் துளையிடுங்கள். மருந்தையும் மண்ணெண்ணெயையும் பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மீதியுள்ளவற்றில் பெயின்றால் எழுதுங்கள்: குடிநீர், விதை, மண்ணெண்ணெய். எழுத்து வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக நிறத்தையும் வேறாக்குங்கள், நஞ்சுக்குச் சிவப்பு. ஒரு சிறு பேணி பெயின்ற் வாங்கினால் அயலிலுள்ள நாலைந்து வீடுகளுக்குப் போதும். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இவ்வேலையை எடுத்துச் செய்தால், ஒரு நாளில் ஊர் முழுவதையும் முடித்துவிடலாம்.